கட்டிங் வேஸ்ட் மூட்டையில் நாலு குட்டி

பெட்டைப் பூனை குட்டி போட இடம் தேடும்போது நான்கு விஷயங்களைப் பார்க்கும். ஈரம் கூடாது, வெளிச்சம் கூடாது, ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கவேண்டும், படுக்கை மெத்தென்று இருக்கவேண்டும். திருப்பூரில் இந்த நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும்: பனியன் கம்பெனியின் வேஸ்ட் குடோன். கட்டிங் டேபிளிலிருந்து விழும் துண்டுத் துணிகளைச் சாக்கில் அடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். வேஸ்ட் வியாபாரி வண்டி கொண்டுவந்து மூட்டைகளைப் புரட்டுகிற அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து கீச்சுக்குரல் கேட்கும். நாலு குட்டி; இன்னும் கண் திறந்திருக்காது. தாயைக் காணோம்.

பிறகு நடப்பதும் ஊருக்குப் பழக்கமானதுதான். செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா மனசு கேட்காமல் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு லைன் வீட்டுக்கு எடுத்துப்போவார். பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து புகட்டுவார். ஒவ்வொன்றாகச் சாகும். பிழைத்த ஒன்று தயிர்ச்சோறு தின்று வளரும். வீடு மாற்றும்போதோ, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் போகும்போதோ, அது வாசலிலேயே நின்றுவிடும். ஆறேழு மாதம் கழித்து அதுவும் ஒரு மூட்டையைத் தேடிப்போகும்.

இதில் எங்கேயும் இரக்கத்துக்குக் குறைவில்லை. பூனையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததுதான் குறை. அது தெரிந்தால் குட்டியைப் பிழைக்கவைக்கவும் முடியும், அடுத்த மூட்டையில் குட்டி பிறக்காமல் தடுக்கவும் முடியும்.

முதலில் சூடு, பிறகு பால்

குட்டிகளைக் கண்டதும் தூக்கிவிடக் கூடாது. தாய் இரைதேடப் போயிருக்கலாம்; பக்கத்திலேயே பதுங்கி ஆட்கள் விலகட்டும் என்று காத்திருக்கலாம். இடம் பாதுகாப்பாக இருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று பார்க்கவேண்டும். நின்று பார்க்க முடியாதவர்கள் குட்டிகளைச் சுற்றி அரிசி மாவை லேசாகத் தூவிவிட்டுப் போகலாம். தாய் வந்துபோனால் தடம் விழுந்திருக்கும். குட்டிகள் வயிறு நிறைந்து அமைதியாகத் தூங்கினால் தாய் வருகிறது என்று அர்த்தம். வண்டி ஏற்றியே ஆகவேண்டிய மூட்டை என்றால், குட்டிகளைப் பெட்டியில் வைத்து அதே மூலையில் பத்தடி தள்ளி வைத்தால் போதும். தாய் வந்து கவ்வி எடுத்துக்கொண்டு போய்விடும்.

தாய் வரவில்லை என்பது உறுதியானால், முதல் வேலை பால் அல்ல. பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அதனால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போய்விட்டால் குடல் அசைவதை நிறுத்திவிடும். அந்த நிலையில் புகட்டிய பால் செரிக்காமல் கிடந்து புளிக்கும், குட்டி சாகும். நல்லெண்ணத்தோடு கொடுத்த முதல் மடக்குப் பாலே பல குட்டிகளுக்கு எமனாவது இப்படித்தான். தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பனியன் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கவேண்டும். சூடு அதிகமானால் விலகிப் படுக்க மறுபக்கம் இடம் வேண்டும். குட்டியின் வாயும் பாதமும் கதகதப்பான பிறகே பால்.

பசும்பாலில் பூனைப் பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு, லாக்டோஸ் அதிகம். அதைப் புகட்டினால் வயிற்றுப்போக்கு வந்து குட்டி வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்றே வரும் பால்மாவு இப்போது செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. குட்டியைக் குப்புற வைத்தே புகட்டவேண்டும். கைக்குழந்தைபோல மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். பால் குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். தாய் நக்கிக்கொடுக்கும் அந்தத் தூண்டல் இல்லாமல் சிறு குட்டியால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகமுடியாது. நாளுக்கு 10 முதல் 15 கிராம் எடை ஏறினால் குட்டி தேறுகிறது. இதற்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை குட்டியின் மூளை மனிதரைப் பழகிக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் தினமும் கையில் எடுத்துப் பழகிய குட்டி வீட்டுப் பூனையாகும். அது தவறிப்போனால் வாழ்நாள் முழுக்க ஆளைக் கண்டு ஓடும் பூனையாகிவிடலாம்.

தயிர்ச்சோறு ஏன் போதாது

வளர்ந்த பூனைக்கு நம் வீடுகளில் வைப்பது தயிர்ச்சோறு, பால்சோறு. பசி அடங்கும், உடம்பு தேறாது. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை நாய், மனிதர் உடல்கள் தாமே போதிய அளவு தயாரித்துக்கொள்ளும், பூனையால் முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, சோற்றில் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் குழுவினர் 1987இல் இந்த இதயப் பாதிப்பை நிறுவினார்கள். இதயம் வீங்கிய பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது இதயம் மீண்டும் தேறியது. அதற்குப் பிறகுதான் பூனைத் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின.

பாக்கெட் தீவனம் கட்டுப்படியாகாத வீட்டில் வேகவைத்த கோழி ஈரல், கறித்துண்டு, மீன் இவற்றைச் சோற்றைவிட அதிகமாகச் சேர்த்துப் பிசைந்து கொடுக்கலாம். டாரின் தண்ணீரில் கரைவது. அதனால் வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் அதையும் சேர்க்கவேண்டும். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெந்த எலும்பும் கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குத்தும்.

இதைவிட ஆபத்தானது வீட்டு மருந்து. காய்ச்சல் என்று பாராசிட்டமாலில் கால் துண்டைப் பூனைக்குப் பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. அதற்கான மரபணு அதன் இனத்திலேயே செயலிழந்து கிடக்கிறது. ஒரு மாத்திரையே உயிரை வாங்கும். தரை துடைக்கும் பினாயிலும் இதே காரணத்தால் நஞ்சு. நடந்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும்.

நூல்

பூனையும் நூல்கண்டும் காலண்டர் படத்தில் அழகு. நூல் கோனும் பிசிறும் மூலைக்கு மூலை கிடக்கும் ஊரில் அது கொலைகாரன்.

பூனையின் நாக்கை விரலால் தொட்டால் உப்புக்காகிதம் மாதிரி சொரசொரக்கும். நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டினால் ஆன நூற்றுக்கணக்கான முட்கள், எல்லாம் தொண்டைப் பக்கம் வளைந்தவை. ரோமம் கோதவும் எலும்பிலிருந்து சதையை வழிக்கவும் அவை பயன்படும். ஆனால் நாக்கில் நூல் ஒன்று ஒட்டிவிட்டால் பூனையால் அதைத் துப்பமுடியாது. முட்கள் உள்ளே தள்ளத்தான் தெரிந்தவை. விளையாட்டாகக் கடித்தது விழுங்கலில் முடியும்.

பிறகு நடப்பது இது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் போகும். குடல் தன் வழக்கப்படி அதைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். முனை மாட்டியிருப்பதால் நூல் நகராது. குடல்தான் நூலின் மேல் ஏறும். இடுப்பு நாடாவை இழுத்தால் பேண்ட் துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்குவதுபோல, குடல் முழுதும் சுருங்கிக் கொத்தாகிவிடும். இறுகிய நூல் குடல் சுவரை உட்புறமாக அறுக்கும். பாலியெஸ்டர் தையல் நூல் என்றால் அது தானாக அறுவதும் இல்லை, செரிப்பதும் இல்லை.

வாந்தி, சாப்பிடாமை, மூலையில் ஒடுங்குதல், இவை அறிகுறிகள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. இழுக்கிற இழுப்பில் குடல் கிழியும். நூலை அப்படியே விட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டியிருக்கும். வீட்டில் ஜாப் ஒர்க் எடுத்துப் பிசிறு வெட்டுபவர்கள் பூனை வளர்த்தால், வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி, பிசிறை மூடியுள்ள டப்பாவில் போடுவது அந்தப் பூனையின் ஆயுளைக் கூட்டும். எலாஸ்டிக் துண்டும் நூல் கோர்த்த ஊசியும் இதே வகைதான்.

பகல் நீளமான ஊர்

பூனை ஏன் இத்தனை குட்டி போடுகிறது? அதன் இனப்பெருக்கத்துக்குச் சாவி வெளிச்சத்தில் இருக்கிறது. இருட்டில் மூளையில் சுரக்கும் மெலடோனின் பெட்டையின் சூலகத்தை அடக்கி வைக்கிறது. பகல் நீண்டு இரவு சுருங்கினால் அந்தப் பிடி தளரும், பருவம் வரும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும்போது அங்குள்ள பெட்டைகள் சில மாதம் ஓய்ந்திருக்கும். திருப்பூர் இருப்பது 11 டிகிரி வடக்கில். மார்கழியிலும் இங்கே பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அதோடு விளக்கு வெளிச்சமும் பூனையின் மூளைக்கு வெளிச்சம்தான். நைட் ஷிப்ட் ஓடும் நிட்டிங் கம்பெனிப் பக்கம் வாழும் பூனைக்கு இருட்டு என்பதே அரிது. ஆண்டின் பெரும்பகுதி பருவகாலம்தான்.

அடுத்தது கருமுட்டை. மனிதப் பெண்ணுக்கு அது மாதச் சுழற்சியில் தானாக வெளிவரும். பெட்டைப் பூனைக்குப் பொதுவாக இணைசேர்ந்த பிறகே வெளிவரும். கடுவனின் உறுப்பில் உள்ள சிறு முட்கள் தரும் தூண்டலால் ஹார்மோன் பொங்கி, ஓரிரு நாளில் முட்டைகள் வெளியாகும். முட்டை வீணாவது குறைவு. பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கும். ஒரே தாய்க்கு ஒன்று கறுப்பு, ஒன்று செவலை என்று பிறக்க இதுவும் ஒரு காரணம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். நாலைந்து மாதத்திலேயே முதல் பருவம் வரலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகலாம். 'குட்டிக்குப் பால் கொடுக்கிறதே, இப்போது என்ன அவசரம்' என்று தள்ளிப்போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டில் 4,20,000 ஆகும் என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உண்மை வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலிசியா நட்டர் குழுவினர் தெருப்பூனைகளின் 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் ஆகுமுன் 127 குட்டிகள் செத்தன, அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று. கருத்தடை வேண்டும் என்பதற்கு அந்த நான்கு லட்சத்தைவிட இந்த 127 வலுவான காரணம். ஊரில் பூனை பெருகிவிடும் என்ற பயத்தைவிட, பிறப்பதில் பெரும்பகுதி சாவதற்கென்றே பிறக்கிறது என்பதுதான் நம் மனசை உறுத்தவேண்டும்.

ஆபரேஷன்

பெட்டைக்குச் சூலகங்களையும் கருப்பையையும் எடுப்பார்கள், கடுவனுக்கு விரைகளை. மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை இது. கடுவனுக்குச் சில நிமிடம், பெட்டைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஐந்து மாதத்துக்குள் செய்வது நல்லது என்பது இன்று பரவலான மருத்துவப் பரிந்துரை. 'ஒரு ஈற்றாவது போடட்டும், அப்போதுதான் உடம்புக்கு நல்லது' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. எதிரான ஆதாரம் உண்டு. பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு அந்த ஆபத்து 91 சதவீதமும், ஓராண்டுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதமும் குறைவதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் இல்லாமல் போகும். கடுவன்கள் சண்டை போடுவதும், சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும், பெட்டையைத் தேடி ரோட்டைத் தாண்டி அடிபடுவதும் குறையும்.

கருத்தடை மாத்திரை கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஹார்மோன் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தால் அவை கருப்பைச் சீழையும் மார்புக் கட்டியையும் வரவழைக்கும். ஒற்றை ஊசியில் வேலை முடியும் காலம் வரலாம். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆறு பெட்டைகளுக்கு மரபணு ஊசி போட்டு இரண்டு ஆண்டு கவனித்தார்கள். கடுவனோடு விட்டும் ஆறில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. ஊசி போடாத மூன்றும் குட்டி போட்டன. அது கடைக்கு வரும்வரை கத்திதான் வழி.

ஆபரேஷன் முடிந்தபின் தையலை நக்காமல் பார்ப்பதுதான் வீட்டுக்காரர் வேலை. கழுத்தில் மாட்டும் புனலை வெறுக்காத பூனை இல்லை. அதற்குத் திருப்பூர்க்காரர் கையிலேயே மாற்று இருக்கிறது. பழைய டி-ஷர்ட்டின் கையை வெட்டி எடுத்து, நான்கு கால்களுக்கு நான்கு ஓட்டை போட்டு, உடம்பில் மாட்டிவிட்டால் காயம் மூடியிருக்கும். நெய்த துணி இதற்கு ஆகாது, அது விறைத்து நிற்கும். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. இழுத்தால் எல்லாப் பக்கமும் நெகிழ்ந்து, விட்டால் உடம்போடு ஒட்டும். ரிப் துணி என்றால் இன்னும் வசதி. பின்பக்கம் சிறுநீர் கழிக்க இடம் விட்டு வெட்டவேண்டும். வெட்டிய ஓரங்களை ஓவர்லாக் அடித்து, நூல் முனை தொங்காமல் கத்தரித்துவிட வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான். பத்துப் பதினான்கு நாளில் காயம் ஆறிவிடும்.

வீட்டுக்குள் வருமுன்

புதுப் பூனையை இரண்டு வாரம் தனியறையில், அறை இல்லாவிட்டால் குளியலறையில் வைக்கவேண்டும். பான்லூகோபீனியா என்ற வைரஸ் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும். தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயிலை நம்பிப் பயனில்லை. பிளீச்சிங் கரைசலே அதை ஒழிக்கும். ஆறிலிருந்து எட்டாம் வாரத்தில் தடுப்பூசி தொடங்கலாம். மூன்றாம் மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி. பூனை கடித்தாலும் ரத்தம் வரப் பிராண்டினாலும் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே ஊசி இலவசம்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்பது மிகையான பயம். டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டைகளைப் பூனை பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் ஓரிரு வாரம் மட்டுமே மலத்தில் வெளியேற்றும். அவை தொற்றும் பக்குவம் அடைய ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் நீங்கும். சரியாக வேகாத கறியிலிருந்தும் அதே கிருமி வரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குட்டிகளிடமிருந்து படர்தாமரை ஒட்டிக்கொள்வதுதான் அதிகம் நடப்பது. மருந்து போட்டால் போய்விடும்.

யாருடைய பூனை?

தெரு விலங்குக்குக் கருத்தடை என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் ஆஃப் இந்தியா, 1964லேயே தெரு நாய்களுக்கு அதைத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. 2001இல் மத்திய அரசு கொண்டுவந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே நாய் மட்டும்தான் இருந்தது. 2023இல் புதிய விதிகள் வந்தபின்னும் மாநகராட்சி வண்டி பெரும்பாலும் நாயைத் தேடியே வருகிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, விலங்கைப் பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை தண்டனை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம்.

பிடித்துத் தூரத்தில் விட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று சாக்கில் கட்டிக் குளக்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். திருப்பூரின் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம். முக்கிய ஈரநிலங்களுக்கான உலக ராம்சர் பட்டியலில் 2024 ஆகஸ்டில் சேர்ந்த இடம். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013 மதிப்பீடு சொல்கிறது. பறவைகள் வாழும் இடத்தில் பூனையை விடுவது முதல் தவறு. இரண்டாவது, காலியான இடம் காலியாக இருக்காது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சில இடங்களில் காட்டுப்பூனையாகிவிட்ட வீட்டுப்பூனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிப் பார்த்தார்கள். எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியது. வெளியிலிருந்து புதியவை வந்து நிரப்பின.

பலன் தந்த வழி, பிடித்துக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைச் சற்று வெட்டி, அதே இடத்தில் விடுவது. புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை இப்படிச் செய்ததை ஆய்வாளர் ஜூலி லெவி பதிவு செய்தார். மொத்தம் 155 பூனைகளில் ஏறத்தாழ பாதிக்கு வீடு கிடைத்தது. 1996இல் 68 ஆக இருந்த வளாகப் பூனைகள் 2002இல் 23 ஆகின. பழகிய குட்டிகளுக்கு வீடு தேடியதும், புதிதாக வந்த பூனையை உடனே பிடித்ததும்தான் இதன் பின்னால் இருந்த உழைப்பு. ஊரில் பாதிக்கு மட்டும் செய்து நிறுத்தினால் மீதிப் பாதி இடத்தை நிரப்பிவிடும். ஆனால் ஒரு கம்பெனி காம்பவுண்டு, ஒரு லைன் வீட்டு வரிசை என்று சின்ன வட்டமாக எடுத்து, அதில் உள்ள அத்தனைக்கும் செய்தால் ஓராண்டிலேயே வித்தியாசம் தெரியும். கம்பெனியில் எலிக்காகப் பூனையை விட்டுவைக்கும் முதலாளிகள் கவலைப்படவும் வேண்டாம். கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும்.

உங்கள் லைனிலோ கம்பெனியிலோ சோறு வைக்கிற பூனை ஒன்று இருந்தால், அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் இந்த வாரமே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் விசாரித்து ஒரு தேதி வாங்குங்கள். செலவை நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். பிறந்த குட்டிக்கு வீடு தேடுவது மாதக்கணக்கான அலைச்சல். குட்டி பிறக்காமல் தடுப்பது ஒரு நாள் வேலை.